ஒரு மலை, மூன்று மாவட்டம், இரண்டு தேர்தல்

ஜவ்வாதுமலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு மலைமேலேயே போக வழி உண்டு. பாதி வழியில் மாவட்டம் மாறுகிறது. திருவண்ணாமலை முடிந்து திருப்பத்தூர் தொடங்கிவிட்டது என்பதை ஒரு பெயர்ப்பலகை சொன்னால்தான் உண்டு. காடு மாறுவதில்லை, சாமைக் கொல்லை மாறுவதில்லை, பேச்சும் சாமியும் சம்பந்தம் செய்துகொள்ளும் குடும்பங்களும் மாறுவதில்லை. ஆனால் 2025 ஜனவரி 6 காலையில் ஒன்று மாறியிருந்தது. கோட்டுக்கு அந்தப்பக்கம் ஊராட்சித் தலைவர்கள் இருந்தார்கள். இந்தப்பக்கம் இல்லை.

முந்தைய நாளோடு திருவண்ணாமலை மாவட்டத்து ஊராட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். ஜவ்வாதுமலை ஒன்றியத்தின் 11 ஊராட்சிகளும் வட்டார வளர்ச்சி அலுவலரின் (பிடிஓ) கைக்குப் போயின. அதே மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊராட்சிகளுக்கும், வேலூர்ப் பக்கத்தில் இருக்கும் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளுக்கும் 2026 அக்டோபர் வரை பதவிக்காலம். இதில் யாரும் சட்டத்தை மீறி ஒரு மலையைப் பிரித்துவிடவில்லை. எல்லாம் முறைப்படி, கோப்புப்படி, நீதிமன்ற உத்தரவுப்படி நடந்ததுதான். கவலை தருவதும் அதுதான்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இந்த மலை முழுவதும் ஒரே ஆட்சியரின் கீழ் இருந்தது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது மலை இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து, அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் மாவட்டம் உதயமானபோது மலை மூன்றானது. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. அதன் பலன் மலைக்காரர்களுக்கும் ஓரளவு கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் உள்ளாட்சித் தேர்தலும் அறிவிக்கப்பட்டது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் வார்டு மறுவரையறை முடியாமல் தேர்தல் கூடாது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2019 டிசம்பர் 6 அன்று, பிரிவினையில் சிக்கிய ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேர்தல் நடத்தலாம் என்று நீதிமன்றம் சொன்னது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் விடுபட்ட பட்டியலில். திருவண்ணாமலை நடத்தும் பட்டியலில். டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்கள் வாக்களித்தன. மொத்தம் 91,975 பதவிகள். விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு நான்கு மாதம் என்று சொல்லப்பட்ட அவகாசம் கொரோனாவைத் தாண்டி, இன்னொரு உச்ச நீதிமன்றக் கெடுவையும் தாண்டி, 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் முடிந்தது.

இதற்கும் முந்தைய கதை இன்னும் கசப்பானது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தலை அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திமுக தொடுத்த அந்த வழக்கில் எழுப்பப்பட்ட முக்கியக் குறைகளில் ஒன்று, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது. குறை நியாயமானதாகவே இருக்கட்டும். டிசம்பருக்குள் சரிசெய்து தேர்தல் நடத்துங்கள் என்றுதான் நீதிமன்றமும் சொன்னது. விளைவு என்ன? பழங்குடியினரின் பெயரைச் சொல்லி நின்ற தேர்தல், திருவண்ணாமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடியினருக்கு மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்து மலையாளிகளுக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. அதாவது ஒரு முழுப் பதவிக்காலம் அப்படியே காணாமல் போனது. கொரோனாவின் முதல் இரண்டு அலைகளும் வந்து போனபோது அந்த மலைச்சரிவில் ஊர்மக்கள் கைகாட்டித் திட்டக்கூட ஒரு வார்டு மெம்பர் கிடையாது.

உத்திரமேரூர்க் குடவோலையைத் தொடாத உள்ளாட்சிக் கட்டுரை தமிழில் அரிது. இது அப்படி ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆயிரம் ஆண்டுப் பெருமையைவிட இந்த எட்டுப் பத்து ஆண்டுச் சிறுமையைப் பேசுவது அவசியம்.

தேர்தல் இல்லாவிட்டால் என்ன, பிடிஓ நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. சில ஊர்களில் பிரசிடெண்டைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிரச்சினை ஆளின் குணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். 11 ஊராட்சிகளுக்கு 22 கையெழுத்து. 22 பேரும் அந்தந்த ஊரில் குடியிருப்பவர்கள். மோட்டார் பழுதாகி மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் விடியற்காலையில் வாசலில் போய் நிற்கலாம். அந்த இடத்தில் இப்போது ஜமுனாமரத்தூர் அலுவலகத்தில் ஒரு மேசை. கானமலையிலிருந்தும் நம்மியம்பட்டிலிருந்தும் கோவிலூரிலிருந்தும் அந்த மேசைக்கு வர ஒருநாள் கூலி போகும். ஊராட்சிச் செயலரே நடைமுறையில் எல்லாமாகிவிடுகிறார். அவரைத் தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை, அவரைத் தோற்கடிக்கவும் முடியாது.

பணமும் நிற்கிறது. முந்தைய இடைவெளியில், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியம் தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. சொந்த வருமானம் உள்ள சமவெளி ஊராட்சி அதைச் சமாளிக்கும். ஓட்டு வீட்டுக்கும் ஓலைக் குடிசைக்கும் வீட்டுவரி வாங்கி மலை ஊராட்சி என்ன செய்யும்? அதற்கு மானியம்தான் எல்லாம்.

யாரும் அதிகம் பேசாத இழப்பு இன்னொன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, நிலத்துக்கும் வனப்பொருளுக்கும் உரிமை கேட்கும் மனு கிராம சபையில் தொடங்குகிறது. கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், மாவட்டக் குழுவில் முடிகிறது. அந்த இரண்டு குழுக்களிலும் வருவாய், வனம், பழங்குடியினர் நலத் துறை அதிகாரிகளோடு மூன்று உள்ளாட்சிப் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அவர்களில் இருவர் பழங்குடியினராகவும், குறைந்தது ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒன்றியக்குழுவும் மாவட்ட ஊராட்சியும் இல்லாத காலத்தில் அந்த மூன்று நாற்காலிகளில் யார் உட்காருவது? தேன், புளி, கடுக்காய் எடுக்கும் உரிமையையும், தாத்தா காலத்திலிருந்து உழும் கொல்லைக்குப் பட்டாவையும் பற்றிய முடிவை அதிகாரிகள் மட்டுமே கூடி எடுப்பார்கள். எதிர்ப்பக்கத்து வழக்கறிஞர் வராமலேயே வழக்கு நடக்கும். சாலைக்கும் இது பொருந்தும். ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்குக் கொடுக்க அதே சட்டம் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைச் சாலை இல்லாத வழியில் தாய் தூக்கிக்கொண்டு நடந்ததை நாடே பார்த்தது. அன்று அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இருந்தது. இருந்தும் சாலை இல்லை. ஆகவே தேர்தல் நடந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நான் வாதாடப் போவதில்லை. தேர்தலும் இல்லையென்றால் கேட்பதற்கான இடமே இல்லாமல் போகும் என்பதுதான் வாதம்.

சரி, தேர்தல் வந்தால் எப்படி நடக்கிறது?

நகரத்தில் ஓட்டுப் போட்டவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். நகர்ப்புற உள்ளாட்சிக்கு மின்னணு இயந்திரம். ஊரகத்துக்கு 2019இலும் 2021இலும் வாக்குச்சீட்டும் இரும்புப் பெட்டியும்தான். ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் இரண்டாவது வார்டுக்கு இளநீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டும் கட்சி சாராத தேர்தல். பூட்டு சாவி, ஏணி, ஆட்டோ ரிக்‌ஷா என்று சுயேச்சைச் சின்னங்கள். பின்னிரண்டும் கட்சிச் சின்னத்தில். பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, அட்டையால் மறைப்பு கட்டி, மேசைமேல் மைப்பட்டையும் ரப்பர் முத்திரையும். எழுபது வயதுப் பாட்டி ஒருத்தி நான்கு வண்ணச் சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போகிறாள் என்று வையுங்கள். இரண்டு சின்னங்களுக்கு நடுவில் இருக்கும் கோட்டின்மேல் முத்திரை பட்டுவிட்டால் சிக்கல். மை காய்வதற்குள் குறுக்காக மடித்தால் அச்சு எதிர்ச் சின்னத்தில் விழும். ஆகவே முதலில் நீளவாக்கில் மடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வெளியே வந்து நான்கையும் ஒரே பெட்டியில் போடுவாள். எண்ணும் நாளில் அந்தப் பெட்டியைக் கொட்டி, முதலில் வண்ணம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டு கட்டி, அப்புறம்தான் யார் யாருக்கு எத்தனை என்பது. 2020 ஜனவரி 2 அன்று தொடங்கிய எண்ணிக்கை மறுநாள் வரை போனதற்கு இதுதான் காரணம். சில நூறு பேர் மட்டும் உள்ள வார்டில் ஒரு செல்லாத ஓட்டு ஒரு மெம்பரைத் தோற்கடிக்கும். சமமாக வந்தால் குலுக்கல்.

வார்டுக்கு நிற்க வைப்புத்தொகை 200 ரூபாய், பழங்குடியினருக்கு 100. தலைவர் பதவிக்கு 600, பழங்குடியினருக்கு 300. இந்த அளவில் ஏழைக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் தனி இடத்தில் நிற்பவர் சாதிச் சான்றும் வைக்க வேண்டும். பழங்குடியினருக்கு அதைத் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். மனுத்தாக்கலுக்கு 2019இல் கொடுத்த அவகாசம் டிசம்பர் 9 முதல் 16 வரை. சான்றில்லாதவர் அந்த எட்டு நாளில் மலையிறங்கிக் கோட்டாட்சியரைப் பார்த்துச் சான்று வாங்கித் திரும்பி மனுப்போட வேண்டும். முடிகிற காரியமா என்று மலையில் யாரையாவது கேளுங்கள். இன்னொரு வேடிக்கை: மத்திய அரசின் பட்டியலில் மலையாளிகள் பழங்குடியினர் என்பது மாநிலம் முழுமைக்கும் அல்ல, பழைய மாவட்டப் பெயர்களோடு சேர்த்து. வட ஆற்காடு பட்டியலில் இருப்பதால் ஜவ்வாதுக்காரர் தப்பித்தார். ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையாளிகள் பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததால் இன்றும் சான்று கேட்டுப் போராடுகிறார்கள். மாவட்டக் கோடு ஒருவரின் பிறப்பையே தீர்மானிக்கும் என்றால், தேர்தல் தேதியைத் தீர்மானிப்பதில் என்ன வியப்பு.

செலவு வரம்பும் சட்டத்தில் இருக்கிறது. 2019இல் வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. இந்தத் தொகையைப் படித்துவிட்டு மலையில் யாரும் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். சாமை அறுப்பு முடிந்ததும் இளவட்டங்கள் பாதிப்பேர் ஊரில் இருப்பதில்லை. திருப்பூர், கேரளம், கர்நாடகக் காப்பித் தோட்டங்கள் என்று கிளம்பிவிடுவார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாதுமலைக்காரர்கள் இருந்ததற்கும் இந்தப் பிழைப்புத் தேடல்தான் காரணம். வெளியூரில் கூலிக்கு இருப்பவருக்குத் தபால் ஓட்டு கிடையாது. வேட்பாளர் வேன் பிடித்து அனுப்பினால் ஓட்டு வரும். பத்து ஓட்டில் முடிவு மாறும் வார்டில் வேன் அனுப்பாத வேட்பாளர் இருக்க முடியாது. காப்பித் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வந்தால் 34,000இல் எவ்வளவு மிஞ்சும்? வெற்றிபெற்ற பிறகு அந்தச் செலவு எங்கிருந்து திரும்ப வருகிறது என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. டிசம்பர் கடைசியில் தேர்தல் வைப்பவர்கள் பள்ளித் தேர்வையும் பொங்கலையும் பார்க்கிறார்கள். மலையில் ஆள் எப்போது இருப்பார்கள் என்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

இத்தனை தொல்லையிலும் இந்தத் தேர்தல் மலைக்கு ஏன் உயிர்நாடி? தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஜவ்வாதுக்கு ஒன்றும் இல்லை. மலையே மூன்று மாவட்டத்துக்குத் துண்டாகக் கிடக்க, எந்தத் தொகுதியிலும் மலைக்காரர் எண்ணிக்கை சமவெளியோடு போட்டிபோட வராது. ஆகவே ஒரு மலையாளி அரசியல் பதவிக்கு வர நடைமுறையில் இருக்கும் ஒரே படிக்கட்டு ஊராட்சிதான். ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற ஸ்ரீபதி இந்த மலையின் பெண்தான். படிக்கட்டைத்தான் அடிக்கடி எடுத்துவிடுகிறோம்.

இங்கேதான் நாயக்கனேரியைப் பேச வேண்டியிருக்கிறது. ஜவ்வாதுக்குப் பக்கத்தில், ஆம்பூரை ஒட்டிய மலைமேல் இருக்கும் ஊராட்சி அது. மாதனூர் ஒன்றியத்தைச் சேர்ந்தது. மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். 2021 தேர்தலில் அதன் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் எதிர்த்தது, நீதிமன்றம் போனது. ஒரே ஒரு பெண் மனுப்போட்டார், போட்டியின்றித் தேர்வானார். பதவியேற்பு உயர் நீதிமன்றத் தடையால் நின்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இதை ஒருதரப்புக் கதையாகச் சொல்வது சுலபம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலித் தலைவர் வரக்கூடாது என்றே தேர்தலை முடக்கிய மாநிலம் இது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக்கொன்ற மாநிலம். அந்த வரலாற்றைத் தெரிந்தவர் யாரும், முறைப்படி தேர்வான ஒரு தலித் பெண் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்பதை ஏற்க முடியாது. என் நிலை இதில் தெளிவு: சட்டப்படி தேர்வானவர் பதவியேற்றிருக்க வேண்டும், ஒதுக்கீடு தவறு என்றால் அடுத்த சுழற்சியில் திருத்த வேண்டும். ஆனால் அந்த மலை மக்களின் ஆற்றாமையையும் வெறும் சாதித் திமிர் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. பட்டியல் சாதியினர் ஒரு சிலரே இருக்கும் பழங்குடி ஊரை, சமவெளி ஊராட்சிகளோடு சேர்த்து ஒரே அட்டவணையில் போட்டுச் சுழற்றினால் இப்படித்தான் விழும். இரண்டு ஒடுக்கப்பட்ட மக்களை ஒரு நாற்காலிக்காக எதிரெதிரே நிறுத்தியது அட்டவணை. அதைத் தயாரித்தவர்கள் யாரும் எந்த நீதிமன்றத்திலும் கூண்டில் நிற்கவில்லை.

இதற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. பழங்குடிப் பகுதிகள் என்று குடியரசுத் தலைவர் அறிவிக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கென்று 1996 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய 'பெசா' சட்டம், அங்கே எல்லா நிலையிலும் தலைவர் பதவி பழங்குடியினருக்கே என்கிறது. உறுப்பினர் இடங்களில் பாதிக்குக் குறையாமல் அவர்களுக்கு. ஜார்க்கண்ட் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்னொரு முக்கியமான சங்கதி, அந்தச் சட்டத்தில் கிராமம் என்றால் ஒரு குக்கிராமமாகவே இருக்கலாம். தன் வழக்கப்படி தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்புக்குத் தனிக் கிராம சபை. ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் கூட்டம் போட்டுப் பஞ்சாயத்துப் பேசிப் பழகிய மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் பின்னால்தான் நிற்கிறார்கள் என்பதையும், அதை மாற்ற 50 விழுக்காடு மகளிர் ஒதுக்கீடு தேவை என்பதையும் சேர்த்துக்கொண்டால். ஆனால் பத்து மாநிலங்களில் உள்ள ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. கல்வராயன், கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாது எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே மலைமேல் நடப்பது சமவெளிக்கென்று எழுதிய 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம்தான். ஐந்துக்குக் குறையாமல் பதினைந்துக்கு மிகாமல் உறுப்பினர், தலைக்கணக்கில் வார்டு. முப்பதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்களைத் திருப்பத்தூர்ப் பக்கத்தில் மூன்றே ஊராட்சிகளுக்குள் அடைத்திருக்கிறார்கள். கிராம சபைக்கு ஜனவரி 26 என்றும் மே 1 என்றும் தேதி குறித்தால், ஒரு மேடுபள்ளத்தைத் தாண்டி இன்னொரு மேட்டில் இருக்கும் ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள்?

ஐந்தாம் அட்டவணை வர டெல்லியும் ராஷ்டிரபதி பவனும் மனம் வைக்க வேண்டும். அதுவரை ஒன்றுமே செய்ய முடியாது என்பது சோம்பேறிச் சமாதானம். பக்கத்துக் கேரளத்திலும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. இருந்தும் 2010இல் மூணாறு ஊராட்சியிலிருந்து முதுவர் குடிகளைப் பிரித்து எடமலக்குடி என்று தனிப் பழங்குடி ஊராட்சி அமைத்தார்கள். அன்று சாலைகூட இல்லாத காட்டுக்குள் ஓர் ஊராட்சி. அங்கே நிர்வாகச் சிக்கல்கள் ஏராளம். ஆனால் தலைவர் முதுவர், உறுப்பினர்கள் முதுவர். கேரளத்தில் தேர்தலும் காலத்தில் நடக்கிறது: 2020 டிசம்பர், 2025 டிசம்பர்.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கொல்லிமலை தனி ஒன்றியம், ஏற்காடு தனி ஒன்றியம், கல்வராயன்மலை தனி ஒன்றியம். ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாதுமலை ஒன்றியமும் அப்படித்தான். அங்கே ஒன்றியக் கூட்டத்தில் மலைக்காரரே பேசி மலைக்காரரே முடிவெடுக்கிறார். ஆனால் புதூர்நாட்டு மூன்று ஊராட்சிகளும் திருப்பத்தூர் ஒன்றியத்தில். பீஞ்சமந்தை உள்ளிட்ட மூன்றும் அணைக்கட்டு ஒன்றியத்தில். அந்த மன்றங்களில் மலையிலிருந்து போகும் கவுன்சிலர்கள் எண்ணிக்கையில் ஒரு மூலை. சேர்மன் தேர்தல் மறைமுகத் தேர்தல் என்பதால், அவர்கள் ஓட்டு வேண்டும். அவர்கள் ஊர் வேண்டியதில்லை. ஐயாயிரம் பேருக்கு ஓர் ஒன்றிய வார்டு என்ற கணக்கு சமவெளிக்குப் பொருந்தும். அதே கணக்கில் மலைமேல் ஒரு கவுன்சிலர் நடந்தும் ஜீப்பிலுமாகச் சுற்ற வேண்டிய பரப்பு, கீழே இருக்கும் ஒரு கவுன்சிலருக்குப் பைக்கில் ஒரு மணி நேரம்.

மறுவரையறைதான் ஒவ்வொரு முறையும் சாக்கு. மாவட்டம் பிரிந்தது, ஊராட்சிகள் நகராட்சியோடு சேர்கின்றன, வார்டு வரையறுக்க வேண்டும். நிர்வாகத்துக்கு இந்த வேலைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்கிறது. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், மறுவரையறை முடியவில்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்தக்கூடாது, இருக்கும் வரையறையிலேயே நடத்துங்கள் என்றது. இலங்கையில் 2023இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை ஒத்திவைத்ததே மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று தேர்தல் நடந்தது. மாநிலத் தேர்தல் ஆணையம் சுதந்திரமான அமைப்பு என்று எழுதிவைத்திருக்கிறோம். ஆள், வாகனம், பணம், வார்டுப் பட்டியல், ஒதுக்கீட்டு அரசாணை எல்லாம் அரசு கொடுத்தால்தான் அது தேதியை அறிவிக்க முடியும். தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு கோப்பு நகராவிட்டால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் நிற்கும்.

இரண்டு தேர்தல் நாள்காட்டியை ஒன்றாக்கினால் நல்லதுதானே, எல்லா மாவட்டமும் சேர்ந்தே வாக்களிக்கட்டுமே என்று ஒரு யோசனை அவ்வப்போது வருகிறது. கேட்க நன்றாக இருக்கும். 2026 அக்டோபரில் முடிகிறவர்களுக்காக 2025 ஜனவரியில் முடிந்தவர்களைக் காக்கவைப்பது என்பதே அதன் நடைமுறைப் பொருள். மலையின் இரண்டு பக்கமும் வேறு வேறு ஆண்டில் ஓட்டுப் போடுவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒரு பக்கம் ஓட்டே போடாமல் இருப்பதில்தான் வருத்தம்.

மறுவரையறையைக் காரணம் காட்டி ஏற்கெனவே இத்தனை காலம் எடுத்தாகிவிட்டது. அந்தக் காலத்தை மலைக்கு ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்கலாம். இன்னும் வாய்ப்பு இருக்கிறது. திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்து ஆறு ஊராட்சிகளையும் பரப்பைப் பார்த்துச் சிறிய ஊராட்சிகளாகப் பிரித்து, அந்தந்த மாவட்டத்திலேயே தனி மலை ஒன்றியங்களாக்கலாம். ஒன்றியம் அமைப்பது மாநில அரசின் அறிவிக்கை ஒன்றில் முடிகிற வேலை, டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. மலை ஊராட்சிகளுக்கு ஒதுக்கீட்டுச் சுழற்சியைச் சமவெளியோடு கலக்காமல் தனியாக வைத்தால் நாயக்கனேரி மறுபடி நிகழாது. சமவெளியில் தலித்துகளுக்குரிய இடம் ஒன்றும் அதனால் குறையாது, மாதனூர் ஒன்றியத்தில் தலித் மக்கள் கணிசமாக வாழும் வேறு ஊராட்சிகளுக்கு அது போகும். கோட்டாட்சியர் அலுவலகம் மனுத்தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பே ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் சாதிச்சான்று முகாம் போடலாம். வாக்குப்பதிவு நாளை, வெளியூர் போன ஆட்கள் திரும்பியிருக்கும் விதைப்புக் காலத்தை ஒட்டி வைக்கலாம். திருப்பத்தூர், வேலூர் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. இந்த வேலைகளில் எதைச் செய்வதாக இருந்தாலும் அதற்கான வரைவு வார்டுப் பட்டியல் அந்த மலை ஊர்களின் கிராம சபையில் படிக்கப்பட்டு, ஆட்சேபணை கேட்டு, அதற்குமுன் முடிந்திருக்க வேண்டும்.